நாலாம் தண்ணீர்

அம்மை கண்டவர்களுக்குத் தலையில் ஊற்றும் தண்ணீர் மூன்று. முத்துகள் வாடத் தொடங்கியதும் முதல் தண்ணீர், பொருக்கு உதிரும்போது இரண்டாம் தண்ணீர், எல்லாம் அடங்கிய பிறகு மூன்றாம் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலிலே வைத்துச் சூடேறிய தண்ணீராக இருக்கவேண்டும். மூன்றாவதும் ஊற்றிவிட்டால் மாரியாத்தா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். மறுநாள் பெரட்டில் போய் நிற்கவேண்டியதுதான். விடியுமுன் தோட்டத்து ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பேர்.

எனக்கு மூன்று தண்ணீரும் முறைப்படி ஊற்றினார்கள். மாரியாத்தாவும் முறைப்படி போனாள். போகிறபோது என் கைகால்களிலே இருந்த பலத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

மலாயாவில், ஜொகூர்ப் பக்கம், கெலாங் பாத்தாவுக்கு உட்புறம் இருந்த ரப்பர் தோட்டம் அது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன முப்பதுகளின் தொடக்கம். நான் ஊரிலே கோயில் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்துவிட்டு, கல்யாணமாகி, புருஷனோடு கப்பலேறி வந்தவள். நாங்கள் வேதக்காரர்கள். தலைமாட்டில் ஆரோக்கிய மாதா படம் இருந்தது. ஆனாலும் அம்மை என்று வந்துவிட்டால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் இந்து, வேதக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். "உங்க மாதாவும் எங்க ஆத்தாவும் பேசி முடிச்சிக்கிடட்டும், நீ கம்முனு படு" என்று சொல்லிவிட்டார், எங்களை வேலை வாங்குகிற கங்காணியின் மனைவி.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோட்டத்தில் யாருக்கு அம்மை கண்டாலும் தண்ணீர் ஊற்றும் உரிமை அவருடையது. வெள்ளைக்காரத் துரைக்குக் கங்காணி பயப்படுவார். கங்காணிக்கு நாங்கள் பயப்படுவோம். அக்காவுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், கங்காணி கொஞ்சம் கூடுதலாக. நான் ஒருத்திதான் பயப்படாதவள். கிணற்றடியில் வாளி வைக்கும் இடத்துக்காக நாங்கள் இருவரும் போட்ட சண்டைகளைக் கேட்க, தண்ணீர் தேவைப்படாதவர்கள்கூட குடத்தோடு வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அப்பா என்னைத் தைரியப்படுத்தி வளர்த்திருந்தார்.

அம்மைக்குப் பிறகு எனக்கு வந்த வினையும் அந்த வாயால்தான். உடம்பெல்லாம் ஓய்ந்துபோயிற்று, வாய் மட்டும் ஓயவில்லை. பால் வெட்டும் கத்தியைப் பிடித்து ஒரு வரிசை மரம் வெட்டுவதற்குள் விரல்கள் நடுங்கின. பால் வாளியைத் தூக்கினால் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பிற்பகலில் படுத்தால், எழுந்து உட்காருவதற்கு முன்னால் நெடுநேரம் யோசிக்கவேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தூங்காதவளைப்போல் இருப்பேன். சொல்ல வந்த வார்த்தை சில சமயம் பாதியில் மறந்துவிடும். ஆனால் திட்டுகிற வார்த்தை மட்டும் மறக்காது.

"என்ன புள்ள, மூணாந்தண்ணி ஊத்தி மாசமாவப் போவுது. இன்னும் சுருண்டு கெடக்க?" என்று அக்கா வாசலில் நின்று கேட்டார்.

"முடியலக்கா. கையத் தூக்க முடியல."

"வாயத் தூக்க மட்டும் முடியுதோ?"

"வாய்க்கு அம்ம போடலயே, அதான்."

"பாத்தீங்களாடி! இவளுக்கா ஒடம்பு சரியில்ல?" என்று அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கையை விரித்தார். அவர்களும் சிரித்தார்கள். வாய் இவ்வளவு ஓடுகிறவளுக்குக் கால் ஓடாதா என்று லயமே முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு நோகாமல் நோன்பு கும்பிடுகிறவள் என்று பேர்.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரரிடம் போனேன். கொஞ்சம் நல்ல மனிதர். தலைவலிக்கும் மலைக்காய்ச்சல் மருந்தான கொயினா கொடுப்பார், கால் சுளுக்குக்கும் கொயினா கொடுப்பார் என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். நாடி பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. நாடி சரி. நாக்கு சுத்தம். ஒனக்கு ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஏன்யா என்னால ஒலக்கய தூக்க முடியல?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுமில்ல" என்று அழுத்திச் சொல்லி, கசப்பாக ஒரு புட்டி மருந்தும் கொடுத்தார். ஒன்றுமில்லாததற்கு அவ்வளவு கசப்பான மருந்து எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணுமில்லன்னு எழுதறதே ஒனக்கு நல்லதும்மா. பலவீனம்னு எழுதுனேன்னு வச்சுக்க, கப்பல்ல ஏத்திருவாங்க."

அந்தக் காலத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு விலையில்லை, இருக்கிற ஆட்களே அதிகம். முழு வேலை செய்ய முடியாதவர்களைப் பொறுக்கி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் புருஷனோ நல்ல பால்வெட்டுக்காரர். அவரை அனுப்ப மாட்டார்கள். அவரும் என்னோடு கிளம்பி வந்துவிடலாம்தான்; ஆனால் ஊரில் எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை, சோறும் இல்லை. நான் மட்டும் போகவேண்டும் அல்லது இருவரும் போய்ப் பட்டினி கிடக்கவேண்டும். ஒன்றுமில்லை என்றால் மரம், பலவீனம் என்றால் கப்பல். நடுவிலே எனக்கு ஓர் இடமும் இல்லை.

எனக்கோ அவரைப் பிடித்துப்போயிருந்தது. வயதாகிவிட்டதால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கல்யாணத்தின்போது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை; கப்பலில் நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டாரே, அங்கே ஆரம்பித்தது. அவரை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் கடலைக் கடப்பதா?

அவரிடம் இருந்த ஒரே கோளாறு, யார் என்ன சொன்னாலும் நம்புவார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். அவர் அதோடு நிற்காமல் கடைக்காரனையும் பார்த்தார், கள்ளுக்கடையையும் பார்த்தார். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்த சிநேகிதர் ஒருவர், சீனன் கடைக் கறுப்புக்கோழிச் சாறு குடித்தால் செத்தவன் எழுந்திருப்பான் என்றாராம். கோழி வந்தது, குடித்தேன். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து அம்மா ஒருத்தி அரைத்துக் கொடுத்த வேர்ப்பொடி வந்தது, விழுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கோப்பைக் கள்ளு போதும் என்றார். அதைக் குடித்த அன்று மட்டும் எனக்குக் களைப்பே தெரியவில்லை, நான் இருக்கிற இடமும் தெரியவில்லை.

"எப்டிப்பா இருக்கு இப்ப?" என்று அவர் ஒவ்வொரு மருந்துக்கும் ஆசையோடு கேட்பார். என்னை அவர் செல்லமாக அப்பா போட்டுத்தான் கூப்பிடுவார்.

"நாளைக்கு சொல்றங்க" என்பேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு மருந்து மாதக்கணக்கில் ஓடிற்று. ஆனால் அந்தக் குழப்பத்திலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். இடையிடையே எனக்கு நல்ல நாள் ஒன்று வரும். காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு பழைய உடம்பாக இருக்கும். உடனே எனக்கு ரோஷம் வந்துவிடும். நோகாமல் நோன்பு கும்பிடுகிறவளா நான்? கம்பளிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் அடித்துத் துவைப்பேன். மிளகாய் இடிப்பேன். வாசலைக் கூட்டிச் சாணம் தெளிப்பேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மறுநாளும் ஒருமாதிரி ஓடிவிடும். அதற்கு மறுநாள் விழுந்தால், அந்த வாரம் எழுந்திருக்க மாட்டேன்.

"முந்தாநேத்து கம்பளிய அடிச்சு தொவச்சவளுக்கு இன்னிக்கு கஞ்சி கலயத்த தூக்க முடியலயாம். நடிப்ப பாரு" என்பார் அக்கா. நியாயமான பேச்சுதான். நானே வேறொருத்தியைப் பற்றி அப்படித்தான் பேசியிருப்பேன்.

பலமுறை விழுந்து எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கவிழ்ப்பது கெட்ட நாளல்ல, நல்ல நாள். அன்றைக்குக் குதித்த குதிக்கு உடம்பு அன்றைக்கே பழிவாங்குவதில்லை. இடையிலே ஒரு நாள் சும்மா விட்டு, மறந்திருக்கும்போது வந்து கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்திப் பார்த்தேன். முடியாதபோது நிறுத்துவது சுலபம். இன்னும் முடியும், இன்னும் வேண்டும் என்று கை பரபரக்கும்போது நிறுத்துவது இருக்கிறதே, அது என்னைப் போன்ற கோபக்காரிக்குப் பெரிய தண்டனை. வாசலைப் பாதி கூட்டி விளக்குமாற்றைச் சாத்திவிடுவேன். மிளகாயைப் பாதி இடித்து உலக்கையை வைத்துவிடுவேன். மீதிப் பாதியை என் புருஷன் வேலை முடிந்து வந்து செய்வார். ஆம்பிளை வாசல் கூட்டுகிற வீடு என்று லயத்துக்கு ஒரு புதுச் சிரிப்புக் கிடைத்தது. அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கூட்டினார்.

வீட்டில் பாதியோடு நிறுத்தலாம், மரத்தடியில் முடியாது. வெட்டுக்கு விட்ட மரங்களைப் பாதியில் விட்டுவந்தால் கங்காணி அரைநாள் கூலிக்கு அரைப்பேர்தான் போடுவார். அரைப்பேர் அடிக்கடி விழுந்தால் துரை கேட்பார், துரை கேட்டால் கப்பல். நான் அப்படி இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தபோதுதான், ஜொகூர் பாருவிலிருந்து டாக்டர் வந்து ஆட்களைப் பார்க்கப்போகிறார், முடியாதவர்களை அங்கேயே பொறுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது.

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். வழக்கமாக வாசலோடு சரி.

"இந்தா புள்ள. ஒனக்கு மூணாந்தண்ணி நல்லபடியா சேரலன்னு நெனக்கிறேன். நாளைக்கு திரும்ப ஊத்தறேன். டாக்டர் வர்ற அன்னிக்கி பெரட்டுல மொத ஆளா நில்லு. முழு வேல செய்யி. ரெண்டு வாளி பாலையும் காண்டாவுல போட்டு, துரை கண்ணு முன்னால தூக்கிட்டு வா. ஒன்ன எவன் கப்பல்ல ஏத்தறான்னு பாக்கறேன்."

"ஒங்களுக்கு என்னக்கா என்மேல இவ்வளவு அக்கற?"

"நீ போயிட்டா கெணத்தடியில நான் யாரோட சண்ட போடறது? மத்ததெல்லாம் வாயில்லா பூச்சிங்க."

மூன்றாம் தண்ணீரை இரண்டாம் தடவையாக ஊற்றினார். மஞ்சளை அள்ளிப் போட்டிருந்தார். நான் மஞ்சள் பூசிய பொங்கல் பானை மாதிரி நின்றேன். டாக்டர் வந்த அன்று, மாதாவைக் கும்பிட்டுவிட்டு, பெரட்டில் முதல் ஆளாக நின்றேன். எல்லா மரமும் வெட்டினேன். மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்து, துரையும் டாக்டரும் நின்ற இடத்தைத் தாண்டி நிமிர்ந்து நடந்தேன். போதாக்குறைக்கு எதிரே வந்த ஒருத்தியிடம், "வழி விடுடி, மாடு மாதிரி நிக்கிற" என்று சத்தமும் போட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான், பிழைத்தேன்.

அன்று அக்கா வீட்டில் கோழி அடித்தார்கள். "என் தண்ணி எப்படி?" என்று அக்கா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே பரிமாறினார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வரப்போவது எனக்குத் தெரியும், ஆனால் ஒருவேளை வராமலே போய்விடுமோ என்று ஒரு சபலம் இருந்தது.

அதுவும் இடையில் ஒரு நாள் விட்டு, சொல்லிவைத்தாற்போல் வந்தது. காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன், தலை எழும்பவில்லை. அவர் ஊட்டிய கஞ்சி வாயோரத்தில் வழிந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது, பேச்சுச் சத்தம் காதைக் குத்தியது. அதற்கு முன்பு எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன், இப்படி விழுந்ததில்லை. செத்துப்போவேன் என்று நினைத்தேன். பயந்துபோன என் புருஷன் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்து அழுதார்.

அக்கா வந்தார். நிலைப்படியில் நின்று இடுப்பில் கையை வைத்தார்.

"ஏண்டி, என் கோழிய தின்னுட்டு படுத்துட்டியா?"

பதில் இருந்தது. நல்ல பதிலாகவே இருந்தது. அதைத் தொண்டைக்குக் கொண்டுவர எனக்குப் பலம் இல்லை.

"ஒன் வாளிய தூக்கி எறிஞ்சிட்டு என் வாளிய வச்சிட்டேன் கெணத்தடியில."

நான் கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

"ஒங்கப்பன் ஒனக்கு ஒழுங்கா பேசவா கத்துக் குடுத்தான்?" என்றார். அப்பனை இழுத்தும் நான் பேசவில்லை என்றதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கிட்டே வந்து உட்கார்ந்து, என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பேசு புள்ள. என்னைய திட்டு. ஏதாச்சும் சொல்லு" என்று கெஞ்சினார். அந்த மடியில் கிடந்தபடி நானும் அழுதேன். என்னை ஒருவர் நம்பிவிட்டார் என்பது, அத்தனை மருந்திலும் கிடைக்காத ஆறுதலாக இருந்தது.

மறுநாள் நடந்ததை என் புருஷன் சொல்லித்தான் அறிந்தேன். பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா நடுவில் போய் நின்றாராம்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அங்க படுத்து கெடக்கற புள்ளைக்கு வந்தது சாதாரண அம்ம இல்ல. இதுக்கு மூணு தண்ணி பத்தாது. நாலாந்தண்ணி ஒண்ணு இருக்கு. அத எப்ப ஊத்தணும்னு ஆத்தா எனக்கு சொல்லுவா. அதுவரைக்கும் அவ ஆத்தாவோட புள்ள. அவளுக்கு வேல வைக்கிறவன் வீட்டுல ஆத்தா வந்து எறங்குவா."

நாலாம் தண்ணீர் என்று ஒன்று இருப்பதை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. வயதான ஒருவர் மட்டும், "எங்க ஊர்லயும் உண்டு" என்று தலையாட்டினாராம். கங்காணிக்கு ஆத்தாமேல் எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொன்ன வாயின்மேல் நிறையப் பயம் இருந்தது. நான் எழுந்து உட்காரத் தொடங்கியதும் என்னை ஸ்டோருக்குப் பின்னால் நிழலில் உட்காரவைத்து, மரத்திலே உறைந்துபோன ஒட்டுப்பாலில் ஒட்டியிருக்கும் பட்டைத் துணுக்குகளைப் பிய்த்தெடுக்கிற வேலையைக் கொடுத்தார். கூலி குறைவு. ஆனால் உட்கார்ந்தபடியே செய்யலாம், களைத்தால் சாய்ந்துகொள்ளலாம், என்னைக் கேட்க ஆளில்லை. துரை ஒருநாள் வந்து, வயசுப் பெண் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று விசாரித்தார். "அம்ம இன்னும் முழுசா போகல, துரை" என்றார் கங்காணி. துரை சட்டென்று பின்னால் நகர்ந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போனார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மெள்ள மெள்ளத் தேறினேன். அதில் ஆரவாரம் ஒன்றும் இல்லை. பாதி வாசல் முக்கால் வாசலாயிற்று. விழுகிற வாரங்கள் குறைந்தன. மறந்த வார்த்தைகள் திரும்பி வந்தன, கிணற்றடிச் சண்டையும் திரும்பி வந்தது. அக்கா அவ்வப்போது என் கண்ணை உற்றுப் பார்த்து, "ஊத்தலாமா?" என்று கேட்பார். "இன்னும் வேணாங்க்கா" என்பேன். "ஆத்தாவும் அதேதான் சொன்னா" என்று போய்விடுவார்.

ரப்பர் விலை மட்டும் தேறவில்லை. என்னைக் கொண்டுபோகப் பார்த்த கப்பல் கடைசியில் யாரும் நினைக்காத வாசலில் வந்து நின்றது. தோட்டத்தில் பாதி மரத்தைப் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். பாதி மரத்துக்கு எதற்கு இத்தனை கங்காணி என்று எங்கள் கங்காணியை நிறுத்திவிட்டார்கள். அவரும் அக்காவும் ஊருக்குத் திரும்புவதென்று ஆயிற்று. செய்தி கேட்ட அன்று நான் அக்கா வீட்டுக்குப் போய், "யாரக் கேட்டு போறீங்க?" என்று சண்டைதான் போட்டேன். எனக்கு வேறு எப்படி அழுவதென்று தெரியவில்லை.

அவர்கள் கிளம்பிய காலை. பெட்டி படுக்கையெல்லாம் லாரியில் ஏற்றியாயிற்று. நானே மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனேன். பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள்; பக்கத்துப் பிரிவோடு எங்களையும் சேர்த்துப் பார்க்க வந்த புதுக் கங்காணியும் இருந்தார்.

"ஊத்திட்டுப் போங்கக்கா" என்றேன். "ஆரம்பிச்ச கையாலயே முடிச்சிருங்க."

அக்கா குடத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். குடத்தைச் சுமந்துவந்த கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. குடத்தை வாங்கி, வேப்பிலையோடு சேர்த்து அத்தனை தண்ணீரையும் மண்ணில் கவிழ்த்தார். பிறகு திரும்பிப் புதுக் கங்காணியைப் பார்த்தார்.

"தம்பி, நல்லா கேட்டுக்க. இவளுக்கு நாலாந்தண்ணி பாக்கி இருக்கு. நான் திரும்பி வந்துதான் ஊத்தணும். வேற யாரு கையும் ஆவாது. நான் வர்ற வரைக்கும் இவள யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

புதுக் கங்காணி பயந்துபோய்த் தலையாட்டினார். அக்கா லாரியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது அந்தக் களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட.